பாலம் கடந்தாலும் கடன் தொடரும்



ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கையில் பணியாற்றும் நம் இளைஞர்கள் பலர். "இங்குள்ள கடன் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?" என்னும் எண்ணம் அவர்களுள் சிலரிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் பாதி மட்டுமே உண்மை.

என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். சிங்கையில் நிதி நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வில் வென்றுவிட்டார். பணியில் சேருமுன் நிரப்ப வேண்டிய படிவத்தில், வெளிநாட்டில் செலுத்தத் தவறிய கடன் உண்டா என்று கேட்டிருந்தார்கள். தம்பிக்காகத் தம் பெயரில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் தவணை ஐந்து மாதங்களாக நின்றுபோயிருந்தது. "சார், இல்லை என்று எழுதிவிடட்டுமா?" என்று கேட்டார்.

எழுதக்கூடாது என்றேன். காரணம் இதுதான்.

நம் கடன் விவரங்கள் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் உள்ளன. சிங்கப்பூரின் கடன் பதிவகம் வேறு. ஒன்றில் உள்ளது மற்றொன்றுக்குத் தானாகச் செல்வதில்லை. ஆயினும், சிங்கப்பூர் நாணய வாரியம் நிதித்துறைப் பணியாளருக்கு வகுத்துள்ள தகுதி நெறிகள் நேர்மை, திறமை, நிதிநிலை ஆகிய மூன்றையும் நோக்குகின்றன. நிதிக் கடமையில் தவறியது சிங்கப்பூரிலா வேறிடத்திலா என்ற வேறுபாடு அங்கு இல்லை. பின்னணி ஆய்வு நிறுவனங்கள் நம் இசைவைப் பெற்று மலேசியப் பதிவையும் கேட்கலாம். அந்த இசைவுப் படிவத்தில் கையொப்பமிடுபவர் நாமே! நொடிப்பு நிலையையோ இசைவின்றியே கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம். நொடித்தவர் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறவும் இயலாது.

கடன் இருப்பதாலேயே எல்லாருக்கும் வேலை பறிபோவதில்லை. ஆனால் பொய் சொன்னால் நிதிநிலைச் சிக்கல் நேர்மைச் சிக்கலாக மாறிவிடுகிறது. முன்னதற்கு விளக்கம் தரலாம். பின்னதற்கு என்ன விளக்கம் தருவது?

ஆகவே, வேலைக்கு விண்ணப்பிக்குமுன் இசிசிரிஸ் வழி தம் அறிக்கையை இலவசமாகப் பெற்றுப் பார்க்கட்டும். அது கடைசி 12 மாதத் தவணை நிலவரத்தைக் காட்டும். அடைக்க இயலாவிடில் 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே நிறுவனத்தை அணுகலாம், ஆலோசனைக்குக் கட்டணமில்லை. வங்கியோடு செய்துகொண்ட தவணை ஏற்பாட்டைக் கடிதமாகப் பெற்று, படிவத்தோடு இணைத்து, உள்ளதை உள்ளபடி எழுதுவதே நன்று. என் மாணவரும் அவ்வாறே செய்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் முதல் சம்பளச் சீட்டு வந்தவுடன் அவன் பெயரில் கார், அவன் பெயரில் கைப்பேசி, மாமாவின் கடனுக்கு அவன் பிணை என்று நம் வீடுகளில் நடப்பதை நாம் அறிவோம். பாசத்தால் கேட்கிறோம்; அவனும் பாசத்தால் ஒப்புகிறான். தவணை நின்றால் அந்தப் பதிவைச் சுமப்பவன் அவன் ஒருவனே.

ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் வட்டியைக் கற்பிக்கிறோம். கணக்கை முடித்தபின், கையொப்பம் என்பது வாக்குறுதி என்பதையும் ஐந்து நிமிடம் பேசினால் என்ன? பாடநூலில் அது இல்லாமலிருக்கலாம்; வாழ்க்கையில் இருக்கிறது.

சிந்திப்போம்.