யாரும் வரவில்லை என்றேன்

நான் வரைந்து, நானே வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்ட நகராட்சிப் பூங்கா ஒன்றுக்குள் சக்கர நாற்காலியில் போக முடியாது. நிதியையோ ஒப்பந்ததாரரையோ காட்டி நான் தப்பிக்க வழியில்லை.

நடைமேடையின் உயரம் 45 செ.மீ. சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும். அந்தக் கணக்கில் 5.4 மீட்டர். நான் இரண்டு மீட்டரில் முடித்தேன். நீளமாகப் போட்டால் முகப்பிலிருந்த நீரூற்றை நகர்த்த வேண்டும்; திறப்பு விழாவோ நெருங்கிவிட்டது. ‘சாய்தளம்: உள்ளது’ என்று அறிக்கையில் எழுதினேன். எழுத்தளவில் அது பொய்யில்லை. அதனால் அப்போது உறுத்தவும் இல்லை.

திறந்த புதிதில் ஓர் அம்மா, வளர்ந்த மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். “எப்படியோ ஏத்திடுறேன் சார், இறக்கும்போதுதான் கை வழுக்குது, பயமா இருக்கு” என்றார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட நான் வைத்திருக்கவில்லை. “சரி பண்ணிடலாம்மா” என்றேன். பண்ணவில்லை.

பிறகு, பூங்காவுக்குள் பைக் வருகிறதென்று நடைப்பயிற்சிக்காரர்கள் புகார் சொன்னார்கள். உடனே வாசலில் 60 செ.மீ. இடைவெளியில் இரும்புக் குழாய்களை நட்டேன். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 செ.மீ. வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா வருவது நின்றது.

இதைவிடப் பெரிய தவறைப் பிறகு செய்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைச் சாமான் அறையாக்கலாமா என்று என்னிடம் கேட்டபோது, “அவங்க யாரும் வர்றதில்லையே” என்று ஒப்புக்கொண்டேன். வரவிடாமல் செய்தவனே, வரவில்லை என்பதைச் சான்றாகக் காட்டினேன். இன்று அதற்குள் விளக்குமாறும் பழுதான மோட்டாரும் கிடக்கின்றன. ஆய்வுப் பதிவேட்டில் அதற்கும் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்றே எழுதியிருக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது அது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவிடக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக 263 மீட்டர் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். கடலோர மணலிலேயே அது முடிந்தபோது, கெட்டித் தரையில் முடியாமல் போனதற்கு என்னிடம் பதிலில்லை.

குழாய்களை அகற்றவும் சாய்தளத்தை இடித்துக் கைப்பிடியோடு கட்டவும் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் ‘முந்தைய வடிவமைப்பில் என் பிழை’ என்று குறித்தேன். வேலை முடிந்ததும் சக்கர நாற்காலியில் வருபவர்களே ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். அவர்கள் சரியென்று சொல்லாமல் இனி நான் எந்தப் பூங்காவுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்.