நெல்லியாளத்திலிருந்து சீமைக்கு

உதகமண்டலத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஏரியைச் சுற்றுகிறார்கள், தாவரத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், வர்க்கி ரொட்டியும் தைல புட்டியும் வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுகிறார்கள். மேற்கே பைக்காராவையும் நடுவட்டத்தையும் தாண்டி, கூடலூருக்கு இறங்கி, நாடுகாணி வழியாகத் தேவாலா, பந்தலூர் என்று போனால் அங்கேயும் ஒரு நீலகிரி இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஆடி மாதத்தில் அங்கே போக யாரும் துணியமாட்டார்கள். நான் துணிந்தேன். நான் போன நாளில் மழையானது மேலிருந்து கீழே பெய்வதோடு திருப்தியடையவில்லை, பக்கவாட்டிலும் பெய்தது.

நெல்லியாளம் என்ற பெயரைக் கேட்டதும் நெல்லி மரங்கள் நிறைந்த ஒரு சிற்றூரை நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். கண்டது வேறு. பார்க்குமிடமெங்கும் தேயிலை, தேயிலைக்கு நடுவே வெள்ளி ஓக் மரங்கள், சரிவுகளில் சிதறிக் கிடக்கும் வீடுகள். தேவாலாவும் பந்தலூரும் நெல்லியாளம் நகராட்சிக்குள்ளேயே அடக்கம். ஒரு காலத்தில் இங்கே நெல்லியாளம் அரசு என்று ஒரு குறுநில வம்சம் இருந்தது. மைசூர்ச் சீமையிலுள்ள உம்மத்தூரிலிருந்து வந்த கன்னடக் குடும்பம் என்று அவர்கள் வரலாறு சொல்லுவார்கள். ஆகவே இந்த ஊரின் ராஜ குடும்பமே வெளியூரிலிருந்து வந்ததுதான். பஸ்ஸில் என்னைச் சுற்றித் தமிழும் மலையாளமும் கன்னடமும் சரிசமமாக ஒலித்தன. பணியரும், காட்டுநாயக்கரும், குறும்பருமே இந்த மண்ணின் பழங்குடிகள். அவர்கள் மட்டும் பஸ்ஸில் அதிகம் பேசவில்லை.

இந்தப் பக்கத்துக்கு லண்டன் மாநகரத்தோடு ஒரு பழைய பந்தம் உண்டு. 1879-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரப் ஸ்மித் என்னும் சுரங்க நிபுணரைச் சர்க்கார் வரவழைத்தார்கள். தேவாலாப் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று அவர் எழுதிய அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. தேவாலா எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவர்களெல்லாம் பங்கு வாங்கினார்கள். சில வருஷங்களுக்குள் பணம் கரைந்தது. யந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. சீமையில் உட்கார்ந்து நெல்லியாளத்தைப் பற்றித் திட்டம் போட்டவர்கள் கதி அப்படி. நான் பார்க்கப் போனதோ நெல்லியாளத்தில் உட்கார்ந்து சீமையைப் பற்றித் திட்டம் போடுகிற ஒரு பெண்ணை.

கூடலூரில் உபாத்தியாயராக இருக்கும் என் நண்பர்தான் அழைத்திருந்தார். "என் பழைய மாணவி ஒருத்தி ஜெர்மனிக்கு ஆறு மாதம் படிக்கப் போகிறாள். வீடு அமளிப்படுகிறது. வந்து பாரும்" என்று எழுதியிருந்தார்.

அந்த வீடு ஒரு மேட்டின்மேல் இருந்தது. மண் சுவர், தகரக் கூரை. மழை தகரத்தில் விழும் சப்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு பெரிய காகித உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு, வழக்கறிஞர் வாதாடுவதுபோல் ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் காட்டினாள். சென்னையில் ஒரு சர்வகலாசாலையில் பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அந்தக் கலாசாலைக்கும் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்திலுள்ள ஒரு கலாசாலைக்கும் பரிவர்த்தனை ஒப்பந்தம்.

பரிவர்த்தனை என்றால் என்ன? நம் ஊர்களில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்களே, ஏறக்குறைய அதுதான். அங்கேயிருந்து ஒரு மாணவர் இங்கே வருவார். இங்கேயிருந்து ஒருவர் அங்கே போவார். சம்பளம் அவரவர் சொந்தக் கலாசாலைக்கே கட்டவேண்டும். போன இடத்தில் படிப்புக்குச் சம்பளம் கேட்கமாட்டார்கள். பட்டமும் தாய்க் கலாசாலை கொடுக்கும் பட்டந்தான். ஐரோப்பாவில் 1987-ஆம் வருஷம் எராஸ்மஸ் என்ற பழைய காலத்துப் பண்டிதரின் பெயரால் இந்த ஏற்பாடு தொடங்கியது. முதலில் அந்த நாடுகளுக்குள்ளேயே நடந்தது. 2015 முதல் நம் தேசத்து மாணவர்களுக்கும் கதவு திறந்தது. தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு, நாட்டைப் பொறுத்து, மாதம் 800 யூரோவிலிருந்து 900 யூரோ வரை உதவிப் பணம் உண்டு.

"அப்படியானால் அமளி எதற்கு?" என்று கேட்டேன்.

"காலண்டர் ஐயா!" என்றாள் அவள்.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் பிறக்கிறது. பாடங்கள் பிப்ரவரி வரை நடக்கின்றன. நம் கலாசாலையிலோ ஜூலையில் பாடம் தொடங்கி நவம்பரில் பரீட்சை வந்துவிடுகிறது. இரண்டு வண்டிகளும் ஒரே ஸ்டேஷனில் நிற்காத ரயில்கள்போல ஓடுகின்றன. நடுவிலே குதித்து ஏறவேண்டும். அங்கே படிக்கிற ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை எழுதி, மாணவி, தாய்க் கலாசாலை, அந்நியக் கலாசாலை என்று மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு பருவத்துக்கு 30 மதிப்பலகுகள் என்பது ஐரோப்பியக் கணக்கு. ஓர் அலகுக்கு வீட்டில் படிப்பதையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கணக்கு வகுப்பு மணிகளை மட்டும் பார்ப்பது. இரண்டையும் பொருத்துவதற்குள் அவளுடைய பேராசிரியருக்கு அரைத்தலை நரைத்துப்போயிற்றாம். இரண்டு பாடங்கள் எப்படியும் பொருந்தவில்லை. அவற்றை அடுத்த வருஷம் இளைய வகுப்போடு உட்கார்ந்து எழுதவேண்டும். அதற்கு 'அரியர்' என்று பெயர். பரீட்சையில் ஒருபோதும் தவறாத அந்தப் பெண் இந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

இதைவிடப் பெரிய சங்கடம் பணம். தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குவதென்றால் ஜெர்மன் சர்க்காரின் தேசிய விஸா வேண்டும். அதற்கு மாணவர் தம்மைத் தாமே போஷித்துக்கொள்ள முடியும் என்று காட்டவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தக் கணக்கு மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகிறது. உதவிப் பணம் போக எஞ்சிய குறையையும், விமானச் செலவையும், முதல் தவணை வருவதற்குள் ஆகும் செலவையும் குடும்பந்தான் ஏற்கவேண்டும். குடும்பமோ தேயிலைக் கொழுந்து பறித்துப் பிழைக்கும் குடும்பம்.

பாங்கியில் கேட்டார்களாம். கல்விக் கடனில் 4 லட்சம் வரையில் ஈடு வேண்டியதில்லை என்பது பொது விதி. ஆனால் அவர்கள் போன பாங்கியில், "பட்டம் அந்நியக் கலாசாலை கொடுப்பதில்லை, ஆகவே இது வெளிநாட்டுப் படிப்பும் அல்ல, உள்நாட்டுப் படிப்பும் அல்ல. வீட்டுப் பட்டாவாவது கொண்டுவாருங்கள், யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். கூடலூர்ப் பக்கத்தில் பட்டாவைக் கேட்பது பாலைவனத்தில் படகைக் கேட்பது போலத்தான். நிலாம்பூர்க் கோவிலகத்தாரின் ஜன்ம நிலங்களை ரயத்துவாரியாக மாற்ற 1969-ஆம் வருஷத்தில் சட்டம் செய்தார்கள். அதிலிருந்து கிளைத்த வழக்குகளும் சிக்கல்களும் பல ஆயிரம் குடும்பங்களின் தலைமுறைகளையே விழுங்கியிருக்கின்றன. குடியிருக்கிறார்கள், காகிதம் இல்லை.

இந்த இடத்தில் அடுப்பங்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "காகிதம் இல்லேன்னு யார் சொன்னது?" அந்தப் பெண்ணின் அப்பாயி. கையில் ஒரு தகரப் பெட்டி.

பெட்டிக்குள் கற்பூர வாசனையோடு ஒரு பழைய பாஸ்போர்ட் இருந்தது, இந்திய சர்க்காருடையது. கறுத்த போட்டோவில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பக்கத்தில் அவள் கணவன். கைக்குழந்தையின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. அந்தக் குழந்தைதான் இந்தப் பெண்ணின் தகப்பனார்.

அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்தவர் அந்தக் கிழவி. 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிற்று. ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த இவர் பிறக்கும்போதே நாடற்றவர். 1964 அக்டோபர் 30-ந் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று பங்கீடு நடந்தது. மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப் பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பவர்கள்கூட இன்னும் சற்று யோசித்துப் பிரிப்பார்கள். பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

"கண்டியிலே இந்தியக் கந்தோருக்குப் போனோம். போட்டோ புடிச்சு இதைக் குடுத்தாங்க. நான் இந்தியாவைக் கண்ணாலே பார்த்ததே கிடையாது. ஆனா இந்தியப் பாஸ்போர்ட்டு!" என்று கிழவி சிரித்தார். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு 'ராமானுஜம்' என்ற கப்பல். பிறகு மண்டபம் முகாம். பிறகு இந்த மலை. தாயகம் திரும்பியவர்களுக்கென்றே 1968-ல் வனத்துறை தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அங்கே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் இவர். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். அதனால்தான் இந்த மேட்டு வீடு.

அவர் வந்தபோது தாயும் இரண்டு தங்கைகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒரு வருஷத்தில் போய்ப் பார்த்துவரலாம் என்று நினைத்திருந்தாராம். 1984-ல் கப்பலும் நின்றது. தாயின் சாவுச் செய்தி கடிதத்தில் வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்துவிட்டது.

"இவளும் ஆறு மாசம்னு சொல்லுறா. நானும் ஒரு வருஷம்னுதான் சொன்னேன்" என்றார்.

தகரக் கூரையின் சப்தத்தைத் தவிர வேறு சப்தம் இல்லை. நான் என் பாண்டித்தியத்தைக் காட்டத் தொடங்கினேன். 1921-ல் ஸர் சி. வி. ராமன் ஒரு மகாநாட்டுக்காக ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவரைச் சிந்திக்க வைத்தது. 1928-ல் கண்டுபிடித்த ராமன் விளைவுக்கு விதை விழுந்தது சில மாத யாத்திரையிலேதான். கணித மேதை ராமானுஜன் 1914-ல் 'நெவாஸா' கப்பலில் போனதையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் 1919-ல் நோயாளியாகத் திரும்பி மறு வருஷமே மறைந்தது சரியான சமயத்தில் ஞாபகம் வந்ததால் நிறுத்திக்கொண்டேன். என் நண்பர் என்னை முறைத்தார்.

பேச்சை மாற்ற அந்தப் பெண்ணே உதவினாள். அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு ஏற்பட்ட கதையைச் சொன்னாள். தகப்பனார் பெயர் அப்பாயியின் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதற்காகக் கோயம்புத்தூருக்கு மூன்று முறை பஸ் ஏறினார்கள். எழுத்து நேராயிற்று. பிறகு ஜெர்மன் படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது. நமக்கு அது ஏது? முன்னெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரைப் போட்டாள். அந்நியக் கலாசாலையிலிருந்து வரும் கடிதங்களெல்லாம் இப்போது அவள் தகப்பனார் பெயரைச் சொல்லியே, 'சீமாட்டி' என்ற மரியாதையோடு அவளை விளிக்கின்றன. கொழுந்துக் கூடையோடு உள்ளே வந்த தகப்பனார் இதைக் கேட்டு வெட்கத்தோடு சிரித்தார்.

கிழவி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியின் அடியிலிருந்து தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார். தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடை. கூரையை மாற்ற வைத்திருந்த பணம் என்று நண்பர் பின்னால் சொன்னார். குறைக்கு அது போதுமா என்று அந்தப் பெண் மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. போதும் போலிருந்தது, கூரைக்குத்தான் மிஞ்சாது.

"வேண்டாம், அப்பாயி" என்றாள் அவள்.

"கூரை இன்னொரு மழை தாங்கும். ஒண்ணு மட்டும் செய். போற சீட்டு வாங்கும்போதே வர்ற சீட்டையும் வாங்கிடு. வாங்கி எங்கிட்டே குடு. எனக்கு யாரும் அந்தச் சீட்டைக் குடுக்கலே."

போகவும் வரவும் சேர்த்து வாங்குவதுதான் மலிவு என்று நான் சொன்னேன். பயனுள்ள வார்த்தையாக அன்று நான் சொன்னது அது ஒன்றுதான். ஆனால் இக்காலத்து விமானச் சீட்டு காகிதமாக வருவதில்லையே, தொலைபேசிக்குள் அல்லவா இருக்கிறது என்று அந்தப் பெண் விளக்கினாள். தொலைபேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியாது என்று கிழவி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பந்தலூர்க் கடைத்தெருவில் அச்செடுத்துத் தருகிறார்கள், அதை வாங்கி வருவதாகத் தகப்பனார் ஒப்புக்கொண்டார்.

புறப்படும்போது கிழவி என்னிடம், "இப்போ அந்தக் கப்பல் ஓடுதா தம்பி?" என்று கேட்டார். தலைமன்னாருக்கு இல்லை, ஆனால் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் விட்டார்கள் என்றேன். காங்கேசன்துறையிலிருந்து அட்டனுக்கு எவ்வளவு தூரம் என்று அடுத்த கேள்வி வந்தது. நான் விழித்தேன். பேத்தி தொலைபேசியில் தேடத் தொடங்கினாள்; மழையில் இணைப்பு கிடைக்கவில்லை. அதற்குள் கீழே கூடலூர் பஸ்ஸின் ஊதல் கேட்டது. குடையை விரித்துக்கொண்டு நண்பரும் நானும் சரிவில் ஓடினோம்.