பிரெஸ்ட் சென்று மீளும் பாதை

பாரிஸுக்கு அருகிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்ப ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். 1891-ல் சார்ல்ஸ் தெரோன் என்பவர் இத்தூரத்தை ஸைக்கிளில் மூன்று நாட்களுக்குள் கடந்து முதல்வராக வந்தார். இப்போது நான்கு வருஷங்களுக்கு ஒரு முறை நடக்கும் இந்த யாத்திரை பந்தயமன்று. 90 மணிக்குள் திரும்பினால் போதும்.

'போதும்' என்று சொல்லிவிட்டோம், அது எளிதா? மேடுகளில் கால் ஓய்கிறது. அதனினும் கொடியது மூன்றாம் இரவின் தூக்கம். ஓட்டும்போது கண்ணயர்ந்தால் உயிருக்கு ஆபத்து. படுத்து அயர்ந்தாலோ காலக்கெடு தவறிவிடும். ஆகவே, முதல் நாள் வேகத்தை அடக்குவதும், பசிக்கு முன்பே உண்பதும், சிறிது உறங்கி உடனே எழுவதுமே இங்கு வித்தை.

நள்ளிரவிலும் கிராமத்து ஜனங்கள் வீதியோரம் மேஜை போட்டு நமக்குக் காப்பியும் தண்ணீரும் தருகிறார்கள். சிலர் காசு வாங்குவதில்லை; ஊர் சேர்ந்ததும் ஒரு கார்டு எழுதச் சொல்கிறார்கள். தம் காலை நம்பிப் புறப்படுகிறவர்களும் பிறர் அன்பினாலேயே திரும்புகிறார்கள்.