நிலையத்துக்கு ஒரு பக்கம்

உலு சிலாங்கூர் மாவட்டத்தில், செரண்டாவுக்கும் ராசாவுக்கும் இடையில் இருக்கிறது பத்தாங் காலி இரயில் நிலையம். அதன் குறியீடு கேஏ12. கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தை ஒன்று என வைத்துக்கொண்டு வடக்கே எண்ணி வந்தால் பன்னிரண்டாவது நிலையம் என்பது அதன் பொருள். நாளும் அங்கு ஏறி இறங்குபவர்களுக்கு இந்த எண் தேவைப்படுவதில்லை. எந்த மேடையில் நிற்க வேண்டும், எந்த நேரத்து இரயிலை விட்டால் வேலைக்குத் தாமதமாகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

ஆனால், தலைநகருக்கு முதன்முறையாகப் போகும் ஒருவரின் நிலை வேறு. பத்தாங் காலியில் கொமுட்டர் இரயில் ஏறி, சுங்கை பூலோவில் இறங்கி, எம்.ஆர்.டி.க்கு மாறி, காஜாங் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காஜாங் தடத்தின் முதற்கட்டம் 2016 டிசம்பர் 16ஆம் நாள் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலை 17இல் அது முழுமை பெற்றபோது, நீளம் 51 கிலோமீட்டர், நிலையங்கள் 31. சுங்கை பூலோ அதன் தொடக்க நிலையம். அங்கே ஏறி அமர்ந்தால் நேரே காஜாங்கில் இறங்கலாம். 2022 ஜூன் 16இல் புத்ராஜெயா தடத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டபோது நிலைமை மாறியது. சுங்கை பூலோவும் கம்போங் செலாமாட்டும் புதிய தடத்துக்குப் போய்விட்டன. காஜாங் தடம் 46 கிலோமீட்டராகவும் 29 நிலையங்களாகவும் சுருங்கியது. இப்போது காஜாங் செல்பவர் குவாசா டாமன்சாராவில் இறங்கித் தடம் மாறியாக வேண்டும்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் 2017இல் எழுதப்பட்ட பக்கம் ஒன்று யாராலும் தொடப்படாமல் அப்படியே கிடந்தால் என்னவாகும்? அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எழுதப்பட்ட நாளில் உண்மைதான். இன்று அதைப் படித்துவிட்டுப் புறப்படும் பயணி புத்ராஜெயா தடத்தில் உட்கார்ந்தபடியே காஜாங் வரும் வரும் என்று காத்திருப்பார். அச்சிட்ட கலைக்களஞ்சியம் பழையதானால் அதன் முகப்பில் உள்ள ஆண்டே நம்மை எச்சரித்துவிடும். இணையப் பக்கத்துக்கோ நரை தெரிவதில்லை.

அந்த நரையைக் கண்டுபிடித்துத் திருத்துபவர்கள் சம்பளம் பெறும் பதிப்பாசிரியர்கள் அல்லர்; தன்னார்வலர்கள். விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15இல் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் உருவானது. அதன் தொடக்கக் காலத்தில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்துகொண்டே, வேலை நேரம் போக மீதி நேரத்தில் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக் குவித்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. இன்று அக்களஞ்சியத்தில் 1,50,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. நம் நாட்டு இரயில் நிலையங்கள் பலவற்றுக்கும் அங்கே தமிழ்ப் பக்கங்கள் இருக்கின்றன.

உலகெங்கும் உள்ள இத்தன்னார்வலர்களுள் இரயில் பிரியர்கள் தனி இனம். 1863இல் இலண்டனில் ஓடிய முதல் சுரங்க இரயில் தொடங்கி நேற்றுத் திறந்த நிலையம் வரை எதையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. எது மெட்ரோ, எது மெட்ரோ அன்று என்பதைப் பற்றி மட்டும் அவர்கள் நடத்தியிருக்கும் விவாதங்களைத் தொகுத்தால் தடித்த நூலாகும். தனக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில், சாலையையும் பிற இரயில்களையும் குறுக்கிடாமல், குறுகிய இடைவெளியில் அடிக்கடி ஓடுவதே மெட்ரோ என்பது பொதுவான அளவுகோல். அப்படிப் பார்த்தால் எம்.ஆர்.டி. மெட்ரோ, பத்தாங் காலி வழியே ஓடும் கொமுட்டர் மெட்ரோ ஆகாது. இ.டி.எஸ். விரைவு இரயிலும் சரக்கு இரயிலும் அதே தண்டவாளத்தில்தானே ஓடுகின்றன! இது வெறும் சொற்சண்டை போலத் தோன்றலாம். ஆனால், ஒரு நகரின் மெட்ரோ எத்தனை கிலோமீட்டர் என்று எழுத வேண்டுமானால், எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று முதலில் முடிவு செய்துதானே ஆக வேண்டும்?

அவர்கள் உருவாக்கிய பொருள்களுள் தடவரைபடம் சுவையானது. கட்டுரையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். நிலையம் வருமிடத்தில் ஒரு புள்ளி இருக்கும். தடம் பிரிவது, பாலம், சுரங்கம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு படம் உண்டு. இவற்றை முதலில் ஒழுங்குபடுத்தியவர்கள் ஜெர்மானிய மொழி விக்கிப்பீடியர்கள். அதனால் படங்களின் பெயர்களும் ஜெர்மன் சொற்களின் சுருக்கங்கள்தாம். நிலையத்துக்குரிய படத்தின் பெயர் பி.எச்.எஃப்.; 'பாஹ்ன்ஹோஃப்' என்னும் சொல்லின் சுருக்கம் அது. செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலா குபு பாரு என்று தமிழில் வரிசை அமைக்கும் ஒருவர், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு ஜெர்மன் சுருக்கத்தைத் தட்டச்சு செய்கிறார்.

தமிழில் எழுத உட்காருபவருக்கு வேறு சிக்கல்களும் உண்டு. இரயில் என்று எழுதுவதா? இலங்கைத் தமிழர் தொடருந்து என்பர். தமிழ்நாட்டில் தொடர்வண்டி என்பாரும் உளர். நம் தோட்டத்துப் பெரியவர்களோ தண்டவாளத்தைக் 'கம்பிச்சடக்கு' என்றே அழைத்தனர். கம்பியால் ஆன சாலை! இதைவிடத் தெளிவான சொல்லை எந்தக் குழு கூடி ஆக்கியிருக்க முடியும்? ஊர்ப் பெயர்களிலும் இதே தொல்லைதான். கோலா குபு பாருவா, குவாலா குபு பாருவா? பத்தாங் காலி என்று பிரித்து எழுதுவதா, பத்தாங்காலி என்று சேர்த்து எழுதுவதா? களஞ்சியத்தில் ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றிலிருந்து அங்கே வழிமாற்றுக் கொடுத்துவிடலாம். எப்படித் தேடினாலும் ஒரே பக்கம் கிடைக்கும். ஆயினும், தலைப்பில் நிற்பது எது என்பதில் ஊர்க்காரருக்கு ஓர் ஆவல் இருக்கத்தான் செய்யும்.

பத்தாங் காலியைச் சேர்ந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி தன் ஊர் நிலையத்தின் பக்கத்தை மேம்படுத்த முனைகிறாள் என்று கற்பனை செய்வோம். முதலில் அவள் எழுதும் வாக்கியம், 'பச்சைப் பசேலென்ற மலைகளின் மடியில் எழிலுடன் வீற்றிருக்கும் நிலையம்' என்பதாக இருக்கலாம். பள்ளிக் கட்டுரையில் புள்ளி பெற்றுத் தரும் வருணனை அது. களஞ்சியத்தில் அதை யாராவது விரைவில் நீக்கிவிடுவார். எழில் என்பது எழுதுபவரின் கருத்து. அங்கே தேவைப்படுவது தகவல். அவள் முகஞ்சுளித்துக்கொண்டே மாற்றி எழுதுகிறாள்: ரவாங்கிலிருந்து வடக்கே மின்மயமாக்கப்பட்ட இரட்டைத் தண்டவாளம் அமைந்த பின், கொமுட்டர் சேவை 2007இல் ராசா வரை நீண்டது, 2009இல் தஞ்சோங் மாலிமை எட்டியது. இம்முறை வாக்கியம் நீக்கப்படவில்லை. 'சான்று தேவை' என்ற குறிப்பு மட்டும் அதன் அருகில் தோன்றுகிறது.

சான்று எங்கே கிடைக்கும்? வீட்டிலேயே இருக்கிறாரே! தாத்தா பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கொமுட்டர் வருவதற்கு முன்னர் இந்தத் தடத்தில் எந்த இரயில் நின்றது, தோட்டத்து மக்கள் தீபாவளிச் சாமான் வாங்க எப்படிப் போனார்கள், பழைய இரயிலடியில் யார் தேநீர் விற்றார் என்பதையெல்லாம் ஒரு மாலை முழுவதும் சொல்கிறார். அவளும் விடாமல் குறித்துக்கொள்கிறாள். கடைசியில் கேட்கிறாள்:

"தாத்தா, நீங்க சொன்னதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகமா? நான்தாம்மா அங்கே நின்னேன்."

களஞ்சியத்தின் விதி இங்கேதான் கடுமையாகிறது. 'நான் பார்த்தேன்' என்பது அங்கே சான்றாகாது. நம்பத்தகுந்த ஒருவர் முன்பே வெளியிட்டிருக்க வேண்டும். படிப்பவர் அதைத் தேடிச் சரிபார்க்க இயல வேண்டும். இவ்விதி இல்லாவிட்டால் யாரும் எதையும் எழுதிவைக்கலாம். ஆகவே, அதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும், அச்சில் ஏறிய வாழ்க்கைக்கும் ஏறாத வாழ்க்கைக்கும் அது ஒரே வாசலைத்தான் வைத்திருக்கிறது. நிலையம் கட்டிய பொறியாளரின் பெயர் அறிக்கையில் இருக்கும். கம்பிச்சடக்கு ஓரமாக நடந்து வேலைக்குப் போனவரின் பெயர் எதில் இருக்கும்?

சில இடங்களில் இருக்கலாம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் பழைய பக்கங்களில் தோட்டத்துச் செய்திகள் ஏராளம். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களை மின்வடிவில் படிக்கத் தந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்களும், ஆலயத் திருவிழா மலர்களும்கூட வெளியிடப்பட்டவைதாம். அவை எந்த அலமாரியில், எத்தனை கரையான்களுக்கு நடுவில் இருக்கின்றன என்பது வேறு செய்தி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகத்தில், 2005ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்னும் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவாக்கி வருகிறார்கள். இன்று இலங்கை ஊர் ஒன்றைப் பற்றி எழுதும் விக்கிப்பீடியர் அங்கிருந்து சான்று காட்ட முடிகிறது. களஞ்சியப் பக்கத்தைத் திருத்துவது பாதி வேலை. அது சாய்ந்து நிற்கும் அலமாரியைக் காப்பது மறுபாதி.

பத்தாங் காலிக்கு இதில் கூடுதலாக ஓர் அக்கறை உண்டு. தொலைநாட்டில் ஒருவர் இப்பெயரைத் தேடினால், 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினரால் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சியைப் படிப்பார். 2022 டிசம்பர் 16இல் முகாம் ஒன்றின்மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்ததைப் படிப்பார். இரண்டும் மறக்கக் கூடாதவை, எழுதப்பட வேண்டியவை. ஆனால், ஓர் ஊர் அதன் துயர நாள்களில் மட்டும் வாழ்வதில்லை. மற்ற நாள்களில் அங்கே இரயில் வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், சந்தை கூடுகிறது. கேஏ12 என்ற பக்கம் அந்த மற்ற நாள்களுக்கு உரியது.

நம் மாணவி சனிக்கிழமை நூலகத்துக்குப் போகிறாள். கொமுட்டர் சேவை நீட்டிக்கப்பட்டதைப் பற்றிய 2007ஆம் ஆண்டு நாளிதழ்ச் செய்தியைத் தேடி எடுக்கிறாள். தலைப்பு, நாள், பக்க எண் மூன்றையும் குறித்து வந்து சான்றாகச் சேர்க்கிறாள். 'சான்று தேவை' என்ற குறிப்பு மறைகிறது. தாத்தா சொன்னவை, நாள் குறித்த ஒரு நோட்டுப் புத்தகத்தில், பள்ளி மலர் ஆசிரியரிடம் கொடுப்பதற்காகக் காத்திருக்கின்றன.

மறுநாள் பக்கத்தைத் திறந்து, 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைச் சொடுக்குகிறாள். அவள் சேமித்த பதிப்புக்கு மேலே இன்னொரு வரி வந்திருக்கிறது. 'நிலையத்துகு' என்று அவள் அவசரத்தில் தட்டியதை யாரோ ஒருவர் இரவோடு இரவாக 'நிலையத்துக்கு' என்று திருத்தியிருக்கிறார். தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்க்கிறார்.

"யாரும்மா அது, நம்ம ஊரா?"

"தெரியல தாத்தா. பேரு போடல."