முருங்கை மரத்துக்கு நேரே

செவ்வாய்

உட்துறைமுக வீதி மதிலின் இறுதி பில் இன்று மேசைக்கு வந்தது. நீளம் 42 மீற்றர். வரைபடத்தில் அத்திவாரம் 0.90 மீற்றர் ஆழம். பில்லில் கடைசி வரைக்கும் 1.35. அகலம் 0.60. ஆக, மேலதிக வெட்டு 11.34 கன மீற்றர், அதற்கேற்ற கருங்கல்.

"நானா, இதென்ன கணக்கு?" என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டேன்.

"வெட்ட வெட்டச் சேறு, தண்ணி வேற ஊறுது. அதில கல்லை வச்சா மதில் நிக்குமா? நீங்கதானே போன்ல 'போடுங்க' எண்டு சொன்னீங்க."

சொன்னேன்தான். அன்று கிண்ணியாவில் வேறு வேலையில் நின்றேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் என்றால் படகுப் பாதையைச் சாட்டாகச் சொல்லலாம். இப்போது அதுவும் இல்லை. சைட் டயறியில் அந்தத் தேதிக்கு என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: மழை.

புதன்

மூடப்போகும் வேலையை மூடுமுன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து ஒப்பமிட வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. பூச்சை அடுத்த வருடமும் அளக்கலாம். அத்திவாரமும் கொங்கிறீற்றுக்குள் கம்பியும் அப்படியல்ல; மூடியபின் ஆளுக்கொரு ஞாபகம்தான் மிஞ்சும்.

"மேலதிக வேலைக்குக் கடிதம் இல்லை, காசும் இல்லை" என்கிறார் அலுவலகத்து இளையவர். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கட்டுமானத் துறை நிறுவனமான இக்டாட் சீடாவானது. இப்படியான பிணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒப்பந்தப்படி போனால் முதலில் தீர்ப்பாளர், பிறகு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நடுத்தீர்ப்பு. துறைமுக இறங்குதுறை போன்ற வேலைக்கு அது சரி. இந்த மதிலுக்குத் தீர்ப்பாளரை வைத்தால் அவருடைய கட்டணமே மதிலை விழுங்கிவிடும். நானா மேசன்மாருக்குக் கூலி கொடுத்து முடித்துவிட்டார். பிடித்து வைத்திருக்கும் ரிட்டென்ஷன் காசுதான் அவருடைய லாபம்.

வியாழன்

அலவாங்கோடு இரண்டு பேரை அழைத்துப் போய் மதிலோரம் தோண்டினோம். கடல் பக்கம் 1.35. நானா என்னைப் பார்த்தார். நடுவிலும் 1.35. நாடா நுனியில் கறுத்த களி ஒட்டிக்கொண்டு வந்தது, நண்டு நாற்றத்தோடு. வீதிப் பக்கம் 0.95இல் அலவாங்கு 'ணங்' என்றது. பாறை.

நானா பேசவில்லை. வயதான மேசன்தான் வாய் திறந்தார்: "முருங்கை மரத்துக்கு நேரதான் பாறை முட்டினது."

அங்கே நாலாவது குழி. சொன்னபடியே. கடல் முனையிலிருந்து அளந்தால் 28 மீற்றர்.

இந்த மனிதரை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

வெள்ளி

28 மீற்றருக்கு 0.45, மிச்சம் 14 மீற்றருக்கு 0.05. மொத்தம் 7.98 கன மீற்றர். நானா இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார், பிறகு நான். குழி வெட்டி மூடிய கூலிக்கு பில்லில் இடமில்லை. பாதியை நானா கொடுத்தார், பாதி என் சட்டைப்பையிலிருந்து போனது.