நீலகிரி ஏறும் நீராவி எஞ்சின்

ஒரு கருவியின் பெருமை அதன் எண்ணிக்கையிலன்று. தான் உழைக்கும் இடத்திற்கு ஏற்ப அமைந்திருத்தலிலேயே உள்ளது. ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகள் உருவாகும் தொழிற்சாலைகளின் நடுவே, தண்டலத்தில் வளர்ந்த எம்மனோர்க்கு இக்கூற்று புதிதாகத் தோன்றலாம். அதற்குச் சான்றாக நீலகிரி மலைப்பாதையின் ‘எக்ஸ்’ வகுப்பு எஞ்சினை ஈண்டு எடுத்துரைப்பாம்.

மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் வரை 1899-இல் திறக்கப்பெற்ற இவ்விருப்புப்பாதை 1908-இல் உதகையை அடைந்தது. கல்லாற்றிற்கு அப்பால் ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். வழவழப்பான தண்டவாளத்தில் இவ்வேற்றத்தைச் சக்கரம் பற்றாது வழுக்கும். ஆதலின், சுவிட்சர்லாந்து அறிஞர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களின் இடையே இரு பற்சட்டங்கள் அருகருகே பொருத்தப்பெற்றன. ஒன்றன் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக நிற்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எக்கணமும் பிடி தளராது.

இவ்வகுப்பு எஞ்சின்களைச் செய்தது அந்நாட்டின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை. 1914 முதல் 1925 வரை பன்னிரண்டும், 1952-இல் ஐந்தும், ஆகப் பதினேழே. ஒவ்வொன்றிற்கும் நான்கு நீராவி உருளைகள் உண்டு. பற்சட்டம் இல்லாவிடத்து இரண்டே இயங்கும். பற்சட்டப் பாதையிலோ, அவற்றினின்று வெளிப்படும் நீராவி மற்றை இரண்டினுட் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். வடித்த கஞ்சியையும் வீணாக்காத நம் அன்னையர் போல, ஒரு முறை உழைத்த ஆவியை மறுமுறையும் உழைப்பித்தனர் அதனை வகுத்தோர். மலையேறுங்கால் எஞ்சின் பின்னின்று தள்ளும். ஆதலின் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டோடா.

இந்தியாவில் நீராவி எஞ்சின் செய்தல் 1972-இல் சித்தரஞ்சனில் முடிவுற்றது. எனினும், 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்ற இம்மலைப்பாதைக்கென, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையார் எண்ணெயால் எரியும் புதிய எக்ஸ் எஞ்சினை 2011-இல் செய்தளித்தனர். பழமைக்கு இத்துணை முயற்சி எதற்கு என வினவுவார் உளர். அறுபட்ட கைத்திறன் ஏட்டினால் மட்டும் மீளாது. மீண்டும் செய்தாலன்றி உயிர் பெறாது.

எம்மூர் இளைஞர் பலர் நாள்தோறும் ஓருறுப்பைப் பூட்டி, முழுமையைக் காணாது இல்லம் திரும்புகின்றனர். அன்னார்க்கும், நூலைப் பகுதி பகுதியாய்ப் பயிலும் நமக்கும் இவ்வெஞ்சின் உணர்த்துவது ஒன்றுண்டு: முழுமையை அறிந்து செய்வோன் கையிலேயே கலை நிலைபெறும்.