ஒரு வாளி நீர்

குளிர்காலம் என்றால் நம் மனத்தில் முதலில் எழுபவை கம்பளியும் கனலும் அடைத்த கதவும்தாம். தண்ணீரை எவரும் எண்ணுவதில்லை. தாகம் கோடைக்கு உரியது என்று நாம் தீர்மானித்துவிட்டோம். வாயில்லா உயிர்களை வளர்ப்போரும் இந்த எண்ணத்திலிருந்து எளிதில் விடுபடுவதில்லை. ஆனால், நான் பிறந்து வளர்ந்த நீலகிரிச் சிற்றூரில், உறைபனி கொட்டிய விடியலில் ஆடு வளர்க்கும் இருவர் வழியில் சந்தித்தால், குளிரைப் பற்றிப் பேசிக்கொள்ளமாட்டார்கள். "ஆடு தண்ணி குடிச்சுதா?" என்றுதான் கேட்பார்கள். அந்த எளிய கேள்விக்குள் எத்தனை அறிவும் எத்தனை பரிவும் அடங்கியிருந்தன என்பதை எண்ணும்போது இன்றும் வியப்பே மேலிடுகிறது.

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கு உறைபனிக் காலம். ஆயினும் எல்லா இரவும் உறைபனி இறங்குவதில்லை. மேகம் மூடிய இரவில் அது வராது. காற்று வீசும் இரவிலும் பெரும்பாலும் வராது. வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, இலையும் அசையாமல் நிற்கும் இரவே அதற்கு உகந்தது. பகலெல்லாம் பெற்ற வெப்பத்தை நிலம் அந்தத் திறந்த வானுக்கு இழந்துவிடுகிறது. நிலத்தைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, நீரைப் போலவே தாழ்ந்த இடம் தேடி வழிகிறது. ஆகவேதான் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் புல்வெளி உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும் காலையில், சற்று மேலே சரிவில் இருக்கும் தோட்டம் பசுமை மாறாமல் இருக்கக் காண்கிறோம்.

எங்கள் வீடும் ஒரு தாழ்வில்தான் இருந்தது. தந்தையார் மறைந்தபின், மூன்று வெள்ளாடுகளும், பத்துப் பன்னிரண்டு கோழிகளும், ஒரு மரப்பெட்டியில் நான்கு முயல்களுமே அம்மாவின் கையிருப்பாக இருந்தன. பாலும் முட்டையும் விற்ற காசில்தான் அரிசி வந்தது. எங்கள் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்தே பிறந்தது. எனவே, பனிக்காலத்தில் பால் அரைப்படி குறைந்தால், அது ஆட்டின் துன்பமாக மட்டும் நில்லாமல், எங்கள் உலைப்பானையிலும் தெரிந்துவிடும்.

பால் ஏன் குறைகிறது? குளிரினால் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், வெள்ளாட்டுப் பாலில் நூற்றுக்கு எண்பத்தாறு, எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான். முட்டையிலும் முக்கால் பங்கு தண்ணீரே. குடிக்காத ஆடு எதைக் கொண்டு கறக்கும்? குடிக்காத கோழி எதைக் கொண்டு இடும்? முட்டையிடும் கோழி தான் தின்னும் தீனியின் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீரைக் குடிக்கிறது. அதன் நீர்த்தட்டு ஒரு பகல் வறண்டிருந்தால், அதற்கான கணக்கை அடுத்து வரும் நாட்களில் அது தீர்த்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. உறைபனி புல்லைக் கருக்கிவிடுகிறது. பச்சைப்புல்லோடு தானே வந்துகொண்டிருந்த நீர் நின்றுபோய், ஆட்டின் வாய்க்குக் காய்ந்த தீவனமே கிட்டுகிறது. அந்த உலர்ந்த தீவனம் ஆட்டின் இரைப்பையில் புளித்துச் செரிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. ஆட்டின் அடுப்பு அதன் வயிற்றுக்குள்ளேயே எரிகிறது என்று சொன்னால் மிகையன்று. மாலையில் வயிறு நிறையக் காய்ந்த புல்லும் தழையும் தின்ற ஆடு இரவெல்லாம் அந்த அடுப்பின் கதகதப்பில் கிடக்கும். ஆனால், அந்த அடுப்புக்கும் தண்ணீர் வேண்டும். நீர் குறைந்தால் ஆடு தீவனத்தைக் குறைக்கிறது. தீவனம் குறைந்தால் வெப்பம் குறைகிறது. கிடாக்களுக்கோ மற்றோர் இடர். நீர் குறையக் குறைய, சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து உயிருக்கே ஆபத்தாவதுண்டு.

பனிக்கட்டியை நக்கித் தாகம் தீர்த்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு கிராம் பனிக்கட்டியை நீராக உருக்க மட்டும் எண்பது கலோரி வெப்பம் தேவை. அந்த நீரை ஆட்டின் உடல் வெப்பமான ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வரை உயர்த்த மேலும் 39 கலோரி வேண்டும். குளிரில் நடுங்கும் உயிர் தன் சேமிப்பிலிருந்து இத்தனையும் செலவிட வேண்டும். வறியவனிடம் கடன் வாங்கி அவனுக்கே விருந்து வைப்பதற்கு இது ஒப்பாகும்.

நீர் உறையாமல் காப்பது எப்படி? இதற்கு விடை, நீரை உறைய வைத்தவர்களிடமே கிடைக்கிறது. இயந்திரங்கள் வருமுன் அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்) எப்படிப் பனிக்கட்டி செய்தார்கள் என்பதை இராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் விளக்கியிருக்கிறார். திறந்த வெளியில் குழி வெட்டி, அதில் உலர்ந்த கரும்புத் தட்டைகளையோ சோளத் தட்டைகளையோ பரப்பி, அதன்மேல் மெருகிடாத சிறு மண் தட்டங்களை வரிசையாக வைத்து, சிறிதளவே நீர் ஊற்றிவிடுவார்களாம். தெளிந்த குளிரிரவில் தட்டத்து நீர் வானுக்கு வெப்பத்தை இழந்து உறையும். பொழுது புலருமுன் பனிக்கட்டியை வாரிச் சேர்ப்பார்களாம்.

அந்தச் செய்முறையின் ஒவ்வொரு படியையும் தலைகீழாக்கிப் பாருங்கள். பனி வேண்டுவோர் தட்டத்தைத் திறந்த வானின்கீழ் வைத்தார்கள். நாம் கூரையின்கீழ் வைக்கவேண்டும். அவர்கள் ஆழமற்ற தட்டத்தைத் தேர்ந்தார்கள். நாம் ஆழமான வாளியைத் தேர வேண்டும். அவர்கள் தட்டைகளைப் பரப்பி, நிலத்தின் வெப்பம் மேலே ஏறாமல் தடுத்தார்கள். நாம் வாளியை வெறும் மண்ணில் பாதி புதைத்து, நிலத்தின் வெப்பம் அதைச் சேரும்படி செய்ய வேண்டும். இதைத்தான் அம்மா செய்தார். பார்க்கரின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. முற்றத்தில் கிடந்த தட்டு உறைந்ததையும், தாழ்வாரத்தில் இருந்த வாளி உறையாததையும் கண்ணால் கண்டிருந்தார். அந்தக் கண்ணே அவருக்குப் பள்ளிக்கூடம்.

ஆயினும் கடும்பனி இறங்கிய சில நாட்களில் கூரைக்கடியிலும் மெல்லிய ஏடு படிந்துவிடும். அம்மா அதைத் தட்டி உடைத்து அப்படியே விட்டுவிடமாட்டார். அடுப்பில் காய்ந்த நீரைக் கலந்து, கைவிரலை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பானதும் தான் எடுத்துச் செல்வார். உறைநிலை நீரைக் கண்டு முகம் திருப்பும் ஆடு, வெதுவெதுப்பான நீரென்றால் தலை நிமிராமல் உறிஞ்சிவிடும். காலையில் ஒரு முறை, அந்திக்குமுன் ஒரு முறை. முயலுக்குக் கனமான கற்சட்டியில் சிறிதளவு வைத்து, அடிக்கடி மாற்றுவார். கோழிகளின் நீர்ச்சட்டிக்கு வாய் குறுகலாக இருக்கவேண்டும் என்பார். நீரில் நனைந்த கொண்டையையும் தாடியையும்தான் உறைபனி முதலில் பற்றும்.

தண்ணீர் ஒரு பாதி என்றால், ஈரமின்மை மறு பாதி. வாய்க்குள் போகவேண்டிய நீர் உடம்பின்மேல் போகக்கூடாது. உலர்ந்த கோழி தன் சிறகுகளைப் புடைத்து, இடையில் காற்றை அடைத்துக்கொள்கிறது. அதுவே அதன் போர்வை. அகலமான கட்டையில் அமர்ந்தால் தன் வயிற்று இறகுகளால் கால் விரல்களையும் மூடிக்கொள்ளும். முயலுக்கு வெயிலே பகை, குளிரன்று. அடர்ந்த உரோமம் அதைக் காக்கும். ஆனால், அதன் குட்டிகள் உரோமமின்றிப் பிறக்கின்றன. தாய் தன் உடலிலிருந்தே உரோமத்தைப் பிடுங்கி அவற்றுக்கு மெத்தை அமைக்கிறது. காய்ந்த வைக்கோலை அள்ளிப் போடுவது மட்டுமே நம் பங்கு. மீதியைத் தாய் பார்த்துக்கொள்ளும். நனைந்த உரோமமோ, நனைந்த இறகோ வெப்பத்தைத் தாங்காது.

ஈரம் மழையால் மட்டும் வருவதன்று. உயிர்களின் மூச்சிலும் எச்சத்திலும் சிறுநீரிலும் இருந்து இரவெல்லாம் அது எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்கு வெளியேற வழி வேண்டும். ஆகவே, படுத்திருக்கும் உயிரின் மேல் காற்று படாதபடி கீழே அடைப்பும், தலைக்கு மேலே, கூரையை ஒட்டித் திறப்பும் இருக்கவேண்டும். கொட்டிலுக்குள் நுழைந்ததும் மூக்கில் காரம் ஏறினால், அந்தக் கொட்டில் அளவுக்கு மீறி அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இதைச் சொல்லும்போது ஒரு துயரம் நினைவில் எழுகிறது. எங்கள் அண்டைவீட்டுக்காரர் ஒருவர் ஆடுகளைப் பிள்ளைகளைப்போல் வளர்த்தவர். ஒரு தை மாதத்தில் தொடர்ந்து நான்கு நாட்கள் உறைபனி கொட்டியது. புதிதாய்ப் பிறந்த குட்டிகள் நடுங்குவதைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. கொட்டிலின் இடுக்குகளையெல்லாம் கோணிச்சாக்கால் அடைத்து, உள்ளே ஒரு சட்டியில் கரி நெருப்பை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உறங்கினார். விடிந்தபோது தாய் ஆடுகள் இரண்டும் குட்டிகள் மூன்றும் உறங்கியவாறே கிடந்தன. எழவில்லை. மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. அது வந்ததை எந்த உயிரும் அறியாது.

அவர் எங்கள் வாசற்படியில் வந்து அமர்ந்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே அக்கா செஞ்சேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை. அம்மா அவருக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தேநீர் வைத்துக் கொடுத்தார். மறுவாரம் எங்கள் மூன்று ஆடுகளில் சினையாயிருந்த ஒன்றை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கட்டினார். "வாரத்துக்கு வளத்துக்கோ தம்பி, ஈனுற குட்டியில ஒன்னு உனக்கு, ஒன்னு எனக்கு" என்றார். பிறகு, அந்தக் கொட்டிலின் மேற்புறத்தில் அடைத்திருந்த சாக்குகளை இருவருமாக அவிழ்த்தார்கள். மூன்றில் ஒன்றைப் பிரிவது எங்கள் வீட்டிற்கு எளிய செயல் அன்று. அந்தப் பருவத்தில் எங்கள் பால் காசு குறைந்தது. ஆயினும் அந்த மனிதர் ஆடு வளர்ப்பதை விட்டுவிடவில்லை.

அவரிடம் அன்பு குறைவாக இருக்கவில்லை, மிகுதியாகவே இருந்தது. ஆனால், தம் குளிரைக் கொண்டு ஆட்டின் குளிரை அளந்துவிட்டார். நமக்கு நெருப்பு இதமாக இருக்கிறது. ஆகவே ஆட்டுக்கும் நெருப்பு. நமக்கு மூடிய அறை இதமாக இருக்கிறது. ஆகவே ஆட்டுக்கும் மூடிய அறை. நமக்குக் குளிரில் தாகம் எடுப்பதில்லை; ஆகவே ஆட்டுக்கும் தாகமில்லை. பிறர்மீது நாம் கொள்ளும் பரிவில் எவ்வளவு பங்கு உண்மையில் நம்மைப் பற்றியதாகவே இருக்கிறது! முதியோருக்கும், நோயாளருக்கும், குழந்தைகளுக்கும் நாம் செய்யும் பணிவிடைகளிலும் இதுவே நேர்வதில்லையா? அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதற்கு முன்னே, நமக்கு வேண்டியதை அவர்கள்மேல் போர்த்திவிடுகிறோம்.

கனடா போன்ற நாடுகளில் குளிர் நம் மலைகளின் குளிரை நகைக்கத்தக்கதாக்கிவிடும். உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை வரை இறங்கும் இடங்களிலும் மக்கள் ஆடும் கோழியும் வளர்க்கிறார்கள். மின்சாரத்தால் சூடேறும் நீர்க் கலங்கள் அங்கே உண்டு. கவிழ்த்துத் தட்டினால் பனிக்கட்டி கழன்று விழும் கறுப்பு ரப்பர் தொட்டிகளும் உண்டு. ஆனால், மின்கம்பி அறுந்ததா, கலம் காலியாயிற்றா என்று பார்ப்பதற்கு அங்கேயும் ஒருவர் இருளில் எழுந்து போகத்தான் வேண்டியிருக்கிறது. கருவி எதுவாயினும், போய்ப் பார்க்கும் அந்தக் கால்களுக்கு ஈடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அன்பு என்பதைப் பெரிய சொற்களால் விளக்க நாம் முயல்கிறோம். பனிக்காலத்தில் அது மிகச் சிறியதாகச் சுருங்கிவிடுகிறது: உலர்ந்த படுக்கை, மேலே ஒரு திறப்பு, விரல் வைத்துப் பார்த்த ஒரு வாளி நீர். கேட்கத் தெரியாத உயிருக்கு, அது கேட்காமலே, அதற்கு வேண்டியதை அறிந்து கொடுத்தல், நாளையும் கொடுத்தல், பனிக்காலம் முடியும்வரை கொடுத்தல். இதைச் செய்கிறவர்களை ஊர் அறியாது. வாளியின் மேல் தலை தாழ்த்தி, கண்களை மூடி உறிஞ்சுகின்ற அந்த ஆடு அறியும்.